மிஷினக்கா தேடிய காசுகள்

மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவியைக் கத்த வைப்பது ரொம்ப சுலபம். அது எந்த இடத்தைப் பார்த்துக் கத்துகிறது என்று சரியாகச் சொல்வதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. இதைப் படிக்கிற நீங்களும் ஒருநாள் வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு, "இங்கதானே வெச்சேன்" என்று நடுவீட்டில் நின்றிருப்பீர்கள். அந்த "இங்கதான்" இருக்கிறதே, அதைப் போல ஆளைப் படுத்துகிற வார்த்தை தமிழில் வேறு கிடையாது. அதை நம்பி நான் தோண்டிய குழிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு குளமே ஆகியிருக்கும்.

எனக்கு ஊர் குடவாசலுக்குப் பக்கம். வீட்டுக்காரர் தாசு டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறார். வயலில் யாராவது அடித்துவிட்டுப் போன இரும்பு முளை, அறுந்து விழுந்த கம்பி என்று எதிலாவது மாட்டி, டிராக்டருக்குப் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரின் கத்தி அடிக்கடி உடைந்துகொண்டே இருந்தது. உழவுக்கு முன்னால் வயலைச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வந்தார். நீளமான கைப்பிடி, அடியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு வட்டம். அவருக்கு அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கப் பொறுமை இல்லை. எனக்கு இருந்தது. முளை தேட வாங்கிய கருவி, தொலைந்த தோடு, மோதிரம், காசு எல்லாம் தேடப் போக ஆரம்பித்தது. எஸ்தர் என்ற என் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் நான் மிஷினக்கா.

முல்லைக்கொடி

முதலில் கூப்பிட்டது எங்கள் தெருவிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் கமலாக்கா. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறபோது, திருட்டுப் பயத்தில், மகளுக்கென்று வாங்கிய தங்கக் காசை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொல்லையில் முல்லைக்கொடிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் நல்ல மழை. மழையில் பந்தல் சாய, கமலாக்காவின் வீட்டுக்காரர் கால்களைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிட்டார். அடையாளம் வைத்ததே பந்தல் காலைத்தான். "இங்கதான் எஸ்தரு, சத்தியமா இங்கதான்" என்று கமலாக்கா கை காட்டிய இடம், நாங்கள் நின்றுகொண்டிருந்த அத்தனை இடமும்தான்.

கருவியைப் போட்டதும் கீச்சென்று கத்தியது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கத்திய இடத்தில் மண்வெட்டியைப் போட்டேன். இல்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டேன், இல்லை. தட்டு ஒரு சாண் அகலம், காசோ கட்டை விரல் நக அளவு. தட்டின் எந்த மூலைக்கு அடியில் காசு கிடக்கிறது என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? வெட்டிக்கொண்டே போய், கொல்லையில் குறுக்கே ஒரு வாய்க்காலே உருவாகிவிட்டது. கடைசியில் வெளியே எறிந்த மண்ணிலிருந்துதான் கவர் கிடைத்தது. கமலாக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தார்.

"காசு கெடச்சிடுச்சு, சரி. எம் முல்லக்கொடி எங்கம்மா?"

தாசு புதைத்த காசு

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் தோண்டினால் ஒரு கை நுழைகிற குழிதான். அதற்குப் பழக வேண்டுமே! தினமும் சாயங்காலம், டிராக்டரைக் கழுவி நிறுத்திய பிறகு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திடலில் தாசு ஒரு காசைப் புதைப்பார், நான் தேடுவேன். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நேர்மையாகப் புதைக்கவே மாட்டார். ஒருநாள் ஆணிக்குப் பக்கத்தில் வைப்பார். இன்னொரு நாள் காசைப் படுக்க வைக்காமல் செங்குத்தாகச் செருகிவிடுவார். செங்குத்தாக நிற்கிற காசு கருவிக்கு ஒரு கோடு மாதிரிதான். சத்தம் ரெண்டாகப் பிரிந்து கேட்கும், நடுவில் ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும்.

பழகப் பழகப் பிடிபட்டது. முதலில் கிழக்கு மேற்காகத் தட்டை மெதுவாக ஓட்ட வேண்டும். சத்தம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் மனசுக்குள் ஒரு கோடு. பிறகு நாம் திரும்பி நின்று, அதே இடத்தில் தெற்கு வடக்காக ஓட்ட வேண்டும். இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டிக்கொள்கிற புள்ளியில் காசு. இன்னும் சந்தேகமிருந்தால் தட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் சத்தம் சுருங்கும். சுருங்கினாலும் அடங்காத இடம் எதுவோ அதுதான். கேட்கச் சுலபம். அவசரப்படாமல் செய்வது கஷ்டம்.

ஒருநாள் நான் தேடி எடுத்துக் கொடுத்த காசை தாசு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னைக்கு வெச்சது இல்லையே" என்றார். முந்தைய வாரம் வைத்து, அவரே இடம் மறந்துபோய், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்ட காசாம் அது. வைத்தவருக்கே தெரியாத இடத்தை நான் தொட்டுக் காட்டியிருக்கிறேன் என்றால், தொழில் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு மட்டும் முகம் கொஞ்சம் மாறிப்போனது.

"இனிமே இந்த வீட்ல உங்கிட்ட எதையும் ஒளிச்சு வெக்க முடியாது போலருக்கே!"

கொட்டகைப் புதையல்

காசைத் தொலைத்தவர்களைவிட, தொலைக்காதவர்கள் கூப்பிடுவதுதான் பெரிய தொந்தரவு. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து சாமியப்பன் என்று ஒருவர் போன் செய்தார். மாட்டுக்கொட்டகையில் புதையல் இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். "வந்து இடத்த மட்டும் காட்டுங்க, மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்றார். புதையல் என்று ஏதாவது கிடைத்தால் தாலுகா ஆபீஸில் சொல்லியாக வேண்டும், சொல்ல மாட்டேன் என்றால் நான் வர மாட்டேன் என்றேன். "சரி, வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே அவர் பல இடங்களில் தோண்டி வைத்திருந்தார். மாடுகள் குழிகளுக்கு நடுவே கால் வைக்கப் பயந்துகொண்டு நின்றன. கருவியைப் போட்டேன், கொட்டகை முழுக்கக் கத்தியது. சாமியப்பனுக்குக் கண் விரிந்துவிட்டது. ஒரு புள்ளியைக் குறித்து எடுத்தோம். லாடம். அடுத்ததும் லாடம். அடுத்தது லாட ஆணி. அவர் அப்பா காலத்திலிருந்து உழவு மாடு கட்டிய கொட்டகை அது. மாடுகள் கழற்றிப் போட்ட இரும்பெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. ஆழத்தில் கனமாக ஒன்று ஒலித்தது. அதையும் எடுத்தோம். பழைய கலப்பைக் கொழு.

சாமியப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. மகள் படிப்பு, பம்ப்செட் என்று அந்தப் புதையலை வைத்து மனசுக்குள் நிறையக் கட்டியிருப்பார் போல. அவர் மனைவி சாவித்திரி மட்டும் வாசல்படியில் நின்று, குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லாதான் தோண்டியிருக்கீங்க. இதேபோல கொல்லையிலயும் தோண்டிக் குடுங்க, வாழக்கன்னு வெச்சுடலாம்."

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது ஒரு தார் கொடுத்தனுப்பினார்கள். பூவன்.

நடவு வயலில்

தை முடிந்து ஓய்ந்திருக்கும் வயலில் தேடுவது வேறு. நடவு நடந்த வயலில் தேடுவது வேறு. செல்வி என்ற பெண் குடவாசல் பக்கத்தில் நடவுக்குப் போனவள். குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது தாலிக்கயிறு நைந்து அறுந்துவிட்டது. தாலியும் குண்டுமணியும் ஜாக்கெட்டில் சிக்கிக்கொண்டன. கயிற்றில் கோத்திருந்த தங்கக் காசு மட்டும் சேற்றில் விழுந்துவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதைப் போடுவதற்காக அவளுடைய அம்மா மாட்டை விற்றிருக்கிறார். நான் போனபோது செல்வி வரப்பில் உட்கார்ந்து, அழுகிறாளா இல்லையா என்றே தெரியாதபடி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயலுக்குச் சொந்தக்காரர் கோவிந்தராசு நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் கவலை. நட்டு முடித்த வயலில் ஆள் இறங்கி மிதித்தால் நாற்று என்னாவது? கூட நட்ட பெண்கள் தேடித் தருகிறோம் என்று ஏற்கெனவே துழாவத் தொடங்கியிருந்தார்கள். அதுதான் ஆபத்து. சேற்றில் துழாவத் துழாவக் காசு கீழே கீழே போகும். எல்லோரையும் மேலே வரச் சொல்லிவிட்டு, மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, செல்வி எந்த வரிசையில் நின்றாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இறங்கியதுமே கருவி கத்தியது. நாலு பேர் "கெடச்சிடுச்சு!" என்று கூவினார்கள். பார்த்தால் என் கால் மெட்டி. கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கினேன். நாற்றின் இடைவெளியில் தட்டை ஓட்டி, ஒவ்வொரு நாற்றுக் குத்தாகத் தாண்டிப் போனேன். வெயில் முதுகில் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு குத்துக்குப் பக்கத்தில் மெல்லிதாக, ஆனால் சுத்தமாக ஒரு சத்தம். திரும்பி நின்று குறுக்கே ஓட்டினேன். அந்தக் குத்துக்கு நேர் அடியில்தான். நாற்றை நடும்போது செல்வியின் விரலே அதை உள்ளே அழுத்தியிருக்கிறது. ரெண்டு கையையும் ஆழமாக விட்டு, நாற்றோடும் சேற்றோடும் அப்படியே வாரி அன்னக்கூடையில் போட்டு, வரப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். சேறு கரையக் கரைய மஞ்சளாக ஒரு ஓரம் தெரிந்தது.

செல்வி அப்போதுதான் அழுதாள். நடவுப் பெண்கள் குலவை போட்டார்கள். கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பிடுங்கிய அந்த ஒரு குத்து நாற்றை அதே இடத்தில் அவர் கையாலேயே திரும்ப நட்டார்.

"எவ்வளவோ எரு போட்டுருக்கேன், தங்கத்த அடியுரமாப் போட்டு நட்ட நாத்து இது ஒண்ணுதான்."

உப்பு மணல்

என் பிறந்த ஊர் தரங்கம்பாடி. லீவுக்குப் போகும்போது கருவியைக் கையில் எடுத்துப் போவதில்லை. அங்கே இருக்கிற பழைய கோட்டை அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது, அந்தப் பக்கமெல்லாம் தேடக் கூடாது, தோண்டவும் கூடாது. அதோடு அம்மா வீட்டுக்குப் போகிறவள் எதற்காக வேலையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? ஒரு தடவை கரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் புத்தம் புதுக் கருவியோடு, காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு அலை ஓரமாக நடந்தார். பழைய காசு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஹெட்போனையும் மீறிக் கருவி விடாமல் அலறிக்கொண்டே இருந்தது. அவரும் அலறிய இடத்திலெல்லாம் தோண்டிக்கொண்டே போனார்.

உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் கருவி ஒன்றும் இல்லாமலே கத்தும். போய்ச் சொன்னேன். இங்கே அனுமதி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றினார். வெளியே கேட்கும்படியாகவே கருவி வீறிட்டது. மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"ஏந்தம்பி, உங்க மிஷினு இப்புடி அழுவுதே, காலையில சாப்ட்டுச்சா?"

ஆணிகளுக்கு நடுவே

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சின்ன லுத்தரன் கோயில். ஓடு போட்ட பழைய கட்டடம் ஒழுக ஆரம்பித்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட சபையார் முடிவு செய்தார்கள். அந்த சபையில் எல்லோருமே ஒரு காலத்தில் பண்ணை வேலை செய்த குடும்பங்கள். இன்றைக்கு அதே வீடுகளில் நர்ஸ் இருக்கிறார், சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர் இருக்கிறார், எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். சபைச் செயலாளர் கிரேஸ் கல்லூரியில் கணக்கு நடத்துகிறார். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

முதன்முதலில் கோயில் கட்டியபோது வீட்டுக்கு ஒரு காசு என்று போட்டு மூலைக்கல்லுக்கு அடியில் வைத்தார்கள் என்று அந்தக் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் காசுகளைப் புதுக் கோயிலின் மூலைக்கு மாற்ற வேண்டும் என்பது கிரேஸின் ஆசை. எந்த மூலை என்று யாருக்கும் தெரியாது. இடிக்க வந்த கான்ட்ராக்டருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "அந்தக் காலத்துல கூலியே நெல்லுதான். காசக் கண்ணால பாக்குறதே அபூர்வம். அத யாராவது மண்ணுக்குள்ள போடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமான சந்தேகமாகத்தான் கேட்டார். ஆனால் கிரேஸின் முகம் சிவந்துவிட்டது. மதியத்துக்குள் காட்டினால் சரி, இல்லையென்றால் ஜே.சி.பி. இறங்கும் என்று பேச்சாயிற்று.

கூரையைப் பிரித்தபோது விழுந்த ஆணிகள் தரை முழுக்க. இரும்பு கருவியில் உடைந்த குரலில் கரகரக்கும். காசு தெளிவாக மணி மாதிரி ஒலிக்கும். ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் ஆணியின் குரல் காசை அமுக்கிவிடும். மூன்று மூலைகளில் வெறும் கரகரப்பு. சபை மக்கள் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மெதுவாக ஒரு ஞானப்பாட்டை முனகினார்கள். நாலாவது மூலையில் கரகரப்புக்கு நடுவே ஒரு மணிச் சத்தம் லேசாக வந்து போனது. அங்கே கிரேஸும் நர்ஸும் எலெக்ட்ரீஷியனும் குனிந்து ஆணிகளைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். கான்ட்ராக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரும் ஒரு காந்தத்தைக் கொண்டு வந்து குனிந்தார்.

தரை சுத்தமானதும் தட்டை மிக மெதுவாக, ஒரு கை அகலத்துக்குள் ஆட்டினேன். மணி ஒலித்தது. குறுக்கே போனேன், அதே இடம். மூலைக்கல்லின் உட்பக்கத்தை ஒட்டி நான் விரலை ஊன்றிய இடத்தில் உளி வைத்துத் தட்டினார்கள். சுண்ணாம்புக் காரை ஒரு கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அதன் ஓரத்தில் நடுவில் ஓட்டை உள்ள செம்புக் காசுகள், பச்சைக் களிம்பு பிடித்து, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. கான்ட்ராக்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அந்தக் கட்டியை அதில் ஏந்திக் கிரேஸிடம் கொடுத்தார். கிரேஸ் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"குடுத்தோம் குடுத்தோம்னு நாங்க சொன்னப்ப யாரும் நம்பலக்கா. இப்ப காசே சொல்லுதுல்ல."

வரப்பு

கடைசியாக ஒன்று. இதில் நான் பயந்த மாதிரி வேறு எதிலும் பயந்ததில்லை.

ராசேந்திரன், மதியழகன் என்று அண்ணன் தம்பி. அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரு வரப்பு. அவர்களுடைய அப்பா உயிரோடு இருந்தபோதே நிலத்தைப் பிரித்து, எல்லையில் ஒரு கல் நட்டுக் கொடுத்திருக்கிறார். கல்லுக்கு அடியில் ஒரு பித்தளை டம்ளரில் கொஞ்சம் காசு போட்டு, மேலே மக்காத அடையாளமாகக் கரியைக் கொட்டிப் புதைத்தது ரெண்டு பேருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு வருஷம் ஏதோ வண்டி திரும்பும்போது கல் சாய்ந்து பெயர்ந்துவிட்டது. அது போனதோடு நிம்மதியும் போய்விட்டது. அண்டை வெட்டுகிறேன் என்று வரப்பின் ஓரத்தைச் செதுக்குகிற சாக்கில் தம்பி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பையே தள்ளிவிட்டான் என்று அண்ணன். அண்ணன்தான் தள்ளினார் என்று தம்பி. சர்வேயர் வந்து அளந்தார். அண்ணன் ஒப்புக்கொண்டதைத் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு நின்றது. ஒரு வீட்டு விசேஷத்துக்கு இன்னொரு வீடு போவது நின்றது. வழக்குப் போட ரெண்டு பேருமே வக்கீலைப் பார்த்துவிட்டார்கள்.

என்னைக் கூப்பிட்ட வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தபோது சிக்கல் முற்றியது. வாய்க்கால் தம்பி பக்கம். அண்ணன் வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் அந்த வரப்பில் மடை திறக்க வேண்டும். எல்லை முடிவாகாமல் வரப்பில் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று தம்பி நின்றுவிட்டார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அண்ணன் வயலில் குறுவை நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ரெண்டு வீட்டுப் பெண்களும் தங்களுக்குள் பேசி, ரெண்டு பேரையும் சம்மதிக்க வைத்து, என்னைக் கூப்பிட்டார்கள். "சட்டப்படி எல்லை சொல்ல வேண்டியது நான் இல்லம்மா, சர்வேயர்தான்" என்றேன். "அது தெரியும்க்கா. டம்ளர் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எங்களுக்கு அது போதும்" என்றார் ராசேந்திரனின் மனைவி லதா.

போய் நின்றபோது வரப்பின் ரெண்டு பக்கமும் ஊரே நின்றது. கல் இருந்த இடம் என்று அண்ணன் காட்டியது தம்பி வயலுக்குள் ஒரு முழம். தம்பி காட்டியது அண்ணன் வயலுக்குள் ஒரு முழம். நான் ஒரு சாண் பிசகினாலும், அந்த ஒரு சாணை வைத்து இன்னொரு தலைமுறை சண்டை போடும். தாசு என் பக்கத்தில் வந்து, "திடல்னு நெனச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

முதலில் அண்ணன் காட்டிய இடத்தில் ஓட்டினேன். சத்தம் இல்லை. தம்பி காட்டிய இடத்தில் ஓட்டினேன். அங்கேயும் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ரெண்டு பேர் முகமும் இறுகியது. மற்றவன்தான் டம்ளரைத் தோண்டி எடுத்துவிட்டான் என்ற நினைப்பு அந்த முகங்களில் ஓடியதை நான் பார்த்தேன். பிறகுதான் வரப்பின்மேல் ஏறினேன். வரப்பு மண் உயரமாக இருந்ததால் சத்தம் மங்கலாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. மேல் மண்ணைக் கொஞ்சம் சீவச் சொன்னேன். இப்போது கொஞ்சம் தெளிவு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அண்ணனைக் கூப்பிட்டு, கையில் ஈர்க்குகளைக் கொடுத்து, "நான் கிழக்க மேற்க ஓட்டுறேன். சத்தம் எங்க உச்சமா கேக்குதோ, அங்க நீங்களே குத்துங்க" என்றேன். குத்தினார். தம்பியைக் கூப்பிட்டேன். தெற்கு வடக்காக ஓட்டினேன். அவர் காதால் கேட்டு அவர் குத்தினார். ஒரு கயிற்றை அண்ணன் குத்திய ஈர்க்குகளிலும், இன்னொன்றைத் தம்பி குத்தியவற்றிலும் பிடித்தோம். ரெண்டு கயிறும் வெட்டிக்கொண்டது வரப்பின் நட்ட நடுவில்.

"இங்க ஒரு குழி. கை நுழையுற அளவு போதும்" என்றேன். தம்பி கடப்பாரையால் குத்த, அண்ணன் மண்ணை அள்ளினார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. குழி ஆழமாகிக்கொண்டே போனது. களிமண்தான் வந்தது. திடீரென்று அண்ணன் கையில் வந்த மண் கறுப்பாக இருந்தது. கரி. அவர் மண்ணைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தார். தம்பி கடப்பாரையைப் போட்டுவிட்டு, குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். பச்சை பிடித்த பித்தளை விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். வெளியே எடுக்கவில்லை. "அதே டம்ளர்தான்" என்றார்.

வரப்பு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. இத்தனை வருஷமாக யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வெட்டாத ஒரு வெட்டுக்காகத்தான் ரெண்டு வீடும் பேசாமல் கிடந்திருக்கின்றன. லதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி எழுந்து, மார்பில் ஒட்டிய சேற்றைக்கூடத் துடைக்காமல் நின்றார். "அண்ணே, அப்ப நீ வெட்டவே இல்லியா?" என்றார். அண்ணன் கரி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தார். வாய்க்காலைப் பார்த்தார்.

"நீயும்தான் வெட்டலியேடா. போ, போயி மடையத் தொற, தண்ணி வீணாப் போவுது."

டம்ளரை அதே இடத்தில் விட்டுக் குழியை மூடினார்கள். அதன் மேல் புதுக் கல் நட, சர்வேயருக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே மனு கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இத்தனை வயலையும் கொல்லையையும் சுற்றியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காசு எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, நாம்தான் ஆளுக்கொரு முழம் தள்ளி நின்றுகொண்டு "இங்கதான்" என்று சத்தியம் செய்கிறோம்.